வீட்டு ஷெட்டில் ‘மஸில்’ கார்! ஸ்பேனர் எடுக்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்க!

நீட்டிய மூக்கு. அகன்ற முதுகு. தாழ்ந்த உடம்பு. ரோட்டில் வந்தால் நின்று பார்க்காத ஆள் கிடையாது. அமெரிக்கப் படங்களில் டயர் புகையக் கிளம்பும் ‘மஸில்’ கார் மாதிரியே தோற்றம். அதுதான் காண்டசா!

குறிஞ்சிப்பாடி ஆகட்டும், நெய்வேலி டவுன்ஷிப் ஆகட்டும், வீட்டு ஷெட்டில் இப்படியொரு பழைய வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ‘நாமே பிரிச்சு, நாமே மாட்டி ஓட்டிப் பார்க்கலாமே’ என்று தோன்றும். ஆசை தப்பில்லை. அவசரப்பட்டால் மட்டும் போட்ட பணம் அத்தனையும் காயலான் கடைக்குப் போகும்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

உடம்பு பெரிசு, பலம் சிறிசு

அமெரிக்காவில் 1964-ம் ஆண்டு போன்டியாக் கம்பெனி ‘ஜி.டி.ஓ.’ என்ற காரைக் கொண்டு வந்தது. நடுத்தர உடம்பு. உள்ளே 8 சிலிண்டர் ராட்சத என்ஜின். 325 குதிரை சக்தி! ‘மஸில் கார்’ மோகம் அதோடு சூடு பிடித்தது. 1973-ல் வந்த எண்ணெய் நெருக்கடி அதன் மேல் தண்ணீர் ஊற்றியது.

அந்த ரகக் கார்கள் நம்ம நாட்டுக்கு வந்தது அபூர்வம். நமக்கு வாய்த்தது காண்டசா. இங்கிலாந்து வாக்ஸ்ஹால் கம்பெனியின் 1970-களின் மாடலை வைத்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார் இது. 1984-ல் விற்பனைக்கு வந்தது. 2002-ல் நின்றது.

தோற்றம் பயில்வான்தான். ஆனால் முதலில் வந்த வண்டிகளுக்குள் இருந்தது அம்பாசிடரின் 1,489 சி.சி. என்ஜின்! சுமார் 50 குதிரை சக்தி. ஜப்பான் ‘இசுசு’வின் 1.8 லிட்டர் என்ஜினும் 5 கியரும் வந்த பிறகுதான் வண்டி நன்றாக மூச்சு விட்டது.

அதனால்தான் பழைய காண்டசா கையில் கிடைத்ததும், ‘பெரிய என்ஜினாத் தூக்கி வெச்சிடலாம்’ என்ற எண்ணம் வருகிறது. வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பம்.

சுப்ரீம் கோர்ட்டு தடை

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ரொம்பக் கறார். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது.

அதே 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்! விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலில் மாட்டும்.

பழுதான என்ஜினுக்குப் பதில் வேறு என்ஜின் வைப்பதென்றால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். நிறத்தை மாற்றலாம். ஆனால் அதையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

வண்டிக்கு வயசு என்ன?

15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு, தகுதிச் சோதனை முடித்து 5 வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ரூபாய் ஆக்கப்பட்டது. எல்லா காண்டசாவும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

‘பழங்கால வண்டி’ என்று தனிச் சலுகை கேட்கலாமா? 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். முதல் காண்டசாவுக்கே 2034 ஆகணும்! அப்போதும் உடம்பு, என்ஜின் பழையபடியே இருக்க வேண்டும். தினசரி ஓட்டவும் முடியாது.

ஆகவே பழைய வண்டி வாங்குவோர் ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

துரு தின்ற தகரம்

கடலூர் மாவட்டம் 2011-ல் ‘தானே’ புயலையும் 2015-ல் வெள்ளத்தையும் பார்த்த பூமி. என்ஜின் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு சாவி போடவே கூடாது.

பல வருடம் சும்மா நின்ற என்ஜினையும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊற விட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

காண்டசாவுக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. தகர உடம்பே அதற்கு எலும்பு. அடித்தளம், கதவின் அடிப்பக்கம், டிக்கி ஆகிய இடங்களில் துரு இருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் பற்ற வைக்க வேண்டும். துரு மேல் பட்டி போட்டுப் பெயிண்டு அடிப்பது புண்ணை மூடிப் பவுடர் பூசுவது போலத்தான்!

உயிரோடு விளையாட வேண்டாம்

வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்கை இறக்கித் தூர வைக்க வேண்டும். காலி டாங்க்தானே என்று அலட்சியம் வேண்டாம். உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ஜாக்கி மட்டும் வைத்து வண்டிக்கு அடியில் படுப்பதும் எமனைக் கூப்பிடுவதுதான். கீழே ஸ்டாண்டு கொடுத்தே ஆகணும்.

பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை இது அரித்துவிடும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றாவிட்டால் கசிவு, தீ அபாயம் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக்! வீல் சிலிண்டர், பிரேக் ஷூ, பிரேக் ஆயில் மூன்றையும் சரி செய்த பிறகே என்ஜின் பக்கம் கை வைக்க வேண்டும். 50 குதிரையோ 300 குதிரையோ, நிற்கத் தெரியாத வண்டி ஓடக் கூடாது.

காகிதம், பிரேக், தகரம், என்ஜின், கடைசியில் பெயிண்டு. இந்த வரிசை மாறாமல் பொறுமையாகச் செய்தால், சொந்தக் கையால் உயிர் கொடுத்த கார் தெருவில் இறங்கும். போலீஸ் கை காட்டினாலும் பயமில்லாமல் நிறுத்தலாம்!