பழைய காரின் மீற்றர் வெளிச்சம்

பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பாவின் மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. ஹெலிக்குப் பயந்து இரவில் லைற்றே போடுவதில்லை. மீற்றர் பல்ப் எரியாதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. இப்போது அம்மாவை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகையில், பெற்றோல் முள்ளை ரோச் அடித்துத்தான் பார்த்தேன்.

உள்ளே இருந்தது 12 வோல்ற், 2.2 வாற் திருகு பல்ப். ஹோல்டரின் கறளைச் சுரண்டியதும் எரிந்தது, ஆனால் மங்கல். அதே அளவில் எல்.ஈ.டி. போட்டேன், எரியவேயில்லை. இந்தப் பழைய காரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு எர்த். சாதாரண பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், எல்.ஈ.டி.க்கு அப்படியில்லை. 'பொசிற்றிவ் எர்த்' என்று கேட்டு வாங்குங்கள். பூட்டும் முன் பற்றரி வயரைக் கழற்றி விடுங்கள். டைனமோவை எடுத்து ஓல்ரனேற்றர் பூட்டியவர்கள் சார்ஜ் காட்டும் சிவப்பு பல்பில் கை வைக்க வேண்டாம். அதனூடாகப் போகும் மின்சாரத்தில்தான் ஓல்ரனேற்றர் சார்ஜ் பண்ணத் தொடங்கும்.

நேற்றிரவு ரோச் இல்லாமலே முள் தெரிந்தது. கால் ராங்க் கிடந்தது.