கவனம் சிதறும் குழந்தைகள்

ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே பாடத்தைக் கேட்கும் குழந்தைகள் யாவரும் ஒரே வகையில் அதனை உள்வாங்குவதில்லை. சொன்னதை மறப்பவனை ‘மந்தம்’ என்றும், ஓரிடத்தில் இராதவனை ‘வால்’ என்றும் பெயரிட்டு விடுகிறோம். அப்பெயர் சில வேளைகளில் ஓர் உண்மையான குறைபாட்டை நம் கண்ணினின்று மறைத்து விடுகிறது. அதனையே மருத்துவர் கவனக் குறைபாடு என்பர்.

இஃது இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கியாள இயலாத சிறுவர்களைப் பற்றி, 1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் உரை நிகழ்த்தினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேடு ‘கவனக் குறைபாடு’ என்னும் பெயரை அளித்தது. நம் அண்டையிலுள்ள கோவை மாவட்டத்தில், 6 முதல் 11 வயது வரையுள்ள 770 மாணவரிடையே நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரிடம் இதனைக் கண்டது.

தொடக்க அறிகுறிகள்

முதலாவது, செயல் நினைவின் தளர்ச்சி. “கை கழுவு, தட்டை எடு, பாட்டியைக் கூப்பிடு” என்றால், ஐந்து வயதுக் குழந்தை கை கழுவியதோடு மற்றவற்றை மறந்து நிற்கும். இரண்டாவது, ஒன்றை முடிக்குமுன் மற்றொன்றுக்குத் தாவுதல். மூன்றாவது, தன்னைத் தடுத்துக்கொள்ள இயலாமை. வினா முடியுமுன் விடை பாயும், தன் முறை வரும்வரை பொறுமை நில்லாது. பெண் குழந்தைகளிடம் ஓட்டமும் துள்ளலும் இன்றி, அமைதியான பகற்கனவாகவே இது தோன்றக்கூடும். ஆதலின் அவர்கள் எளிதில் கவனிக்கப்படாமற் போகின்றனர்.

எனினும் ஓடியாடும் குழந்தையெல்லாம் குறையுடையதன்று. மூன்று, நான்கு வயதில் கவனம் நிலையாமை இயல்பே. வயதுக்கு மிஞ்சிய அறிகுறிகள் ஆறு திங்களேனும் நீடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, மாலை மதரஸா என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். எனவே தாய், ஆசிரியர், உஸ்தாத் ஆகியோர் ஒருவரோடொருவர் கலந்து பேசுதல் இன்றியமையாதது. கண், காது, உறக்கம், இரத்தசோகை ஆகியவற்றையும் ஆராய்தல் வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற ஊர்களில் விசைத்தறி ஓசையினிடையே வளரும் பிள்ளைக்குச் செவிச் சோதனை மிகவும் தேவை.

செய்யத்தக்கவை

இக்குறைபாடு பெரிதும் மரபுவழி வருவது. மூளை முதிரும் வகையோடு தொடர்புடையது. தாயின் வளர்ப்போ, பாட்டியின் செல்லமோ இதற்குக் காரணமன்று. பள்ளி செல்லுமுன் உள்ள பருவத்தில் மருந்தினும் முற்பட்டது பெற்றோர்க்கான பயிற்சியே. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, மாறாத நாளொழுங்கு, நற்செயலுக்கு உடனடிப் பாராட்டு ஆகியவை அதன் உயிர்நாடி. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டப் பரிசோதனையில் இக்குறைபாடும் இடம்பெறுகிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

அடித்துத் திருத்தலாம் என்பது பயனற்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதனைத் தடையும் செய்கிறது. இழை அறுந்தமைக்காக எந்த நெசவாளரும் பாவைக் கிழிப்பதில்லை; அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிட்டு நெசவைத் தொடர்கிறார். “படிப்பு ஏறவில்லை” என்று ஒரு சிறுவனைப் பட்டறைக்கும் தறிக்கும் அனுப்புமுன், அவன் கவனம் அறுந்த இடத்தை நாம் தேடினோமா? பெற்றோரும், சமுதாயப் பெரியோரும், நாளை ஆசிரியராகப்போகும் மாணவச் செல்வங்களும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.