கழுத்தில் தெரிவதும் தெரியாததும்: வாய்ப்புற்றுநோய்ப் பரவலும் மீயொலிச் சோதனையும்

பெர்ணம் ஆற்றின் கரையில் அமைந்த ஹுத்தான் மெலிந்தாங்கிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். தென்னையும் பால்மரமும் செம்பனையும் இந்நிலத்தில் மாறி மாறித் தழைத்தன. எத்தனையோ மாறியபோதும் பாட்டிமாரின் சுருக்குப் பையிலிருந்த வெற்றிலையும் பாக்கும் மாறவில்லை. விருந்துக்கும் மணவினைக்கும் மங்கலப் பொருளாக விளங்கும் தாம்பூலத்தை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. எனினும், நாள்தோறும் பலமுறை, அதிலும் புகையிலை சேர்த்து, கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் நம் சமூகத்துக்கு என்ன விளைவித்துள்ளது என்பதை மறைத்தலும் முறையன்று.

உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், ஏன், பாக்கு தனியாகவுமே, மாந்தர்க்குப் புற்றுநோய் விளைவிப்பன என்று வகைப்படுத்தியது. மலேசியாவில் 1993–1994ஆம் ஆண்டுகளில் 25 வயதும் அதற்கு மேலும் உடைய 11,697 பேரிடம் நாடு தழுவிய வாய்ச் சோதனை நடத்தப்பட்டது. புற்றுநோய்க்கு முன்னோடியான மாற்றங்கள் இந்தியரிடையே 4 விழுக்காட்டினர்க்கும், சீனரிடையே 0.5 விழுக்காட்டினர்க்கும் காணப்பட்டன. இவ்வேறுபாட்டைப் பார்க்கும் எவர்க்கும், இந்நோயைப் பற்றித் தமிழில் தெளிவாகப் பேச வேண்டிய கடமை நமக்கு உண்டு என்பது விளங்கும்.

வாயிலிருந்து கழுத்துக்கு

வாய்ப்புற்றுநோய் நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ ஈற்றிலோ தோன்றுகிறது. அங்கேயே அது நின்றுவிடுமாயின், அறுத்து நீக்குதல் பெரும்பாலும் போதுமானதாகும். ஆனால் அது நிணநீர் நாளங்களின் வழியே கழுத்துக்கு இறங்கும் இயல்புடையது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டும்’ என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நெறியே நிணநீர்க்கணு. புண்ணிலிருந்து வரும் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவற்சாவடி அது. அங்குப் போர் நிகழும்போது வீங்குகிறது. வாய்க்குரிய சாவடிகள் தாடையின் கீழும் கழுத்தின் பக்கவாட்டிலும் உள்ளன. கிருமியைத் தடுப்பது போலவே, புற்று உயிரணுவையும் அக்கணு பிடித்து வைக்கிறது. ஆயின் பிடிபட்ட உயிரணு சிலபோது அழியாமல் அங்கேயே பெருகத் தொடங்கிவிடுகிறது.

கழுத்துக் கணு ஒன்றில் புற்று குடிபுகுந்துவிட்டால், நோயாளி பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது மருத்துவர் நெடுங்காலமாகக் கண்டறிந்த உண்மை. ஆகவே, வாயில் புண்ணைக் கண்ட மருத்துவர் அடுத்து எழுப்பும் வினா, ‘கழுத்தில் என்ன நிலை?’ என்பதே.

ஒலியால் பார்த்தல்

இவ்வினாவுக்கு முதலில் விடை தேடுபவை மருத்துவரின் விரல்கள். ஆனால் தசைக்கு அடியில் கிடக்கும் சிறு கணு விரலுக்குத் தட்டுப்படாது. இங்குத்தான் மீயொலி துணைக்கு வருகிறது. மாந்தர் செவிக்கு எட்டும் ஒலி நொடிக்கு 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடுகிறது. கழுத்துச் சோதனைக்குப் பயன்படும் ஒலியோ நொடிக்கு 7 முதல் 15 மில்லியன் அதிர்வுகள் உடையது. அது திசுக்களினூடே நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் விரைவில் சென்று, ஒரு திசு முடிந்து வேறொரு திசு தொடங்கும் எல்லைகளில் பட்டு எதிரொலிக்கிறது. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. 10 மில்லியன் அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 0.15 மில்லிமீட்டர் அளவே ஆதலின், சில மில்லிமீட்டர் அளவுடைய கணுவும் படத்தில் தெளிவாகப் புலப்படுகிறது.

கிளாஸ்கோ நகரின் மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் காணும் கருவியைக் கொண்டு வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்து, 1958இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கருவிலிருக்கும் குழந்தையைப் பார்க்க உதவும் அதே நுட்பமே கழுத்தையும் பார்க்கிறது. அதனால் இதில் கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, மீண்டும் மீண்டும் செய்யலாம், செலவும் குறைவு.

படத்தில் எதனைத் தேடுகின்றனர்? நலமுள்ள கணு அவரைவிதை போல் நீண்டிருக்கும். அதன் நடுவே குருதிக்குழாய் நுழையும் இடம் கொழுப்பினால் வெண்மையாகத் தோன்றும். புற்று புகுந்த கணு உருண்டு திரளும், அவ்வெண்மை மறையும், விளிம்பு சீர்குலையும், சிலபோது நடுப்பகுதி அழுகி நீர்கோத்திருக்கும். குருதியோட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் பார்த்தால், நலமுள்ள கணுவில் நடுவாயில் வழியே குருதி செல்வது தெரியும். நோயுற்ற கணுவிலோ ஓரங்களில் தாறுமாறாக ஓடுவது தெரியும். அளவு மட்டும் போதிய சான்றாகாது. சொத்தைப் பல்லாலும் கணு பெருக்கலாம். சிறு கணுவிலும் புற்று ஒளிந்திருக்கலாம்.

ஐயம் எழுந்தால், படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை அக்கணுவினுள் செலுத்திச் சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்து, நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர். அதில் புற்று உயிரணு காணப்பட்டால் முடிவு ஏறத்தாழ உறுதியே. காணப்படாவிடில் உறுதி இல்லை; ஊசி தொட்ட இடத்தில் இல்லை என்பதே அதன் பொருள்.

கருவியின் எல்லை

தொடக்கநிலை வாய்ப்புற்றுநோயில், கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படாத பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், அவருள் இருவர் அல்லது மூவர்க்குக் கணுவினுள் புற்று மறைந்திருக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் அளவே உள்ள அப்புற்றுக் கூட்டத்தை மீயொலியும் காண இயலாது. எலும்புக்கும் காற்றுக்கும் அப்பால் ஒலி செல்லாது ஆதலால், தொண்டையின் பின்புறக் கணுக்களும் அதற்கு எட்டா. மேலும், கருவியைப் பிடிக்கும் கையின் பயிற்சியைப் பொறுத்தே படத்தின் பயன் அமைகிறது.

அவ்வாறாயின் கழுத்துக் கணுக்களை முன்னதாகவே அகற்றுவதா, கட்டி தோன்றும்வரை காத்திருப்பதா? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இவ்வினாவை 2004 முதல் 2014 வரை ஆராய்ந்தது. முடிவுகள் 2015இல் வெளிவந்தன. ஆய்ந்தறியப்பட்ட 500 நோயாளருள், வாய் அறுவையோடு கழுத்துக் கணுக்களையும் உடனே அகற்றிக்கொண்டவருள் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்தும் உயிரோடிருந்தனர். காத்திருந்து, கட்டி தோன்றிய பின் அறுவை செய்துகொண்ட பிரிவினருள் அவ்வாறு இருந்தவர் 67.5 விழுக்காட்டினரே. கழுத்து அறுவை எளியதன்று. தோளின் அசைவு குறையலாம், தழும்பு நிலைக்கும். ஆயினும் உயிரின் கணக்கு அதனினும் பெரிது. இவ்வாய்வுக்குப் பின், படம் தூயதாக இருப்பது ஒன்றையே நம்பிக் காத்திருக்கலாம் என்று சொல்வது அரிதாயிற்று. கணுவில் புற்று இருப்பதை அறியவும், அறுவையின் பரப்பை வகுக்கவும், அறுவைக்குப்பின் கழுத்தைக் கண்காணிக்கவும் மீயொலி உதவுகிறது. புற்று இல்லை என்று உறுதிகூற மட்டும் அதனால் முடிவதில்லை.

‘தெரியவில்லை’யும் ‘இல்லை’யும்

மொழி மன்றத்தின் மேடையில் இம்மருத்துவச் செய்தியை எடுத்துரைக்கக் காரணம் உண்டு. மருத்துவமனையின் அறிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகிறது. அதனைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளியில் பயிலும் பேரனோ பேத்தியோ ஆவர். ‘கழுத்தில் கணு எதுவும் தெரியவில்லை’ என்பது அறிக்கையின் பொருளாயிருக்க, ‘கழுத்தில் ஒன்றும் இல்லை, பாட்டி’ என்று சொல்லிவிடுவது எளிது. அன்பினால் நேரும் பிழை அது. அதனைக் கேட்ட பாட்டி, நெடுந்தொலைவிலுள்ள ஈப்போவுக்கு மறுமுறை போவானேன் என்று எண்ணிவிடலாம். இல்லாமையும் புலப்படாமையும் வேறு வேறு என்பதை நம் மொழி தெளிவாகவே காட்டுகிறது. அத்தெளிவை நாம் இழந்தால், ஒரு சொல்லின் பிழை ஓர் உயிரின் இழப்பாகக்கூடும்.

எனவே மாணவர்க்கு எமது வேண்டுகோள் இரண்டு. அறிக்கையை மொழிபெயர்க்குங்கால், ‘இப்போது தெரியவில்லை, மருத்துவர் சொன்ன நாளில் மறுபடியும் பார்க்க வேண்டும்’ என்று முழுமையாகச் சொல்லுங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் இருப்பின், அவர்தம் வாயில் வெண்படலமோ செம்படலமோ, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணோ உண்டா என்று கனிவோடு கேளுங்கள். உண்டெனில் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர் வீடுதோறும் சென்று வாயைக் கண்ணால் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்தியவரிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு அதனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஆசிரியப் பெருமக்கள் நிணநீர்க்கணு, மீயொலி போன்ற சொற்களை வகுப்பறையில் தயங்காது வழங்க வேண்டுகிறோம். ‘நெறி’ என்னும் பழஞ்சொல்லிலிருந்து தொடங்கினால் மாணவர்க்கு அவை எளிதில் விளங்கும். கழுத்தைப் பார்ப்பதற்குக் கருவி வேண்டும், பயின்ற கையும் வேண்டும். வாயைப் பார்ப்பதற்கோ ஒரு விளக்கும் அக்கறையுள்ள ஒரு பேரப்பிள்ளையும் போதும். வாயிலேயே நோயைக் கண்டுகொண்டால், கழுத்தைப் பற்றிய இக்கடினமான வினா பலர்க்கு எழாமலே போகும்.