கடாரமும் பார்க்கலாம், கங்கைகொண்ட சோழபுரமும் பார்க்கலாம்

அரியலூரில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. சிமெண்டு ஆலையில் உத்தியோகம். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், திருச்சியில் விமானம் ஏறி, மனைவி மக்கள் சகிதமாக மலேசியாவுக்குப் போய் வந்தார். ஒரு வார யாத்திரை, எண்ணூறு படங்கள்! இரட்டைக் கோபுரத்தின் முன் ஒன்று, பத்து மலைப் படிக்கட்டில் ஒன்று, சாப்பாட்டுத் தட்டுக்குக்கூட ஒன்று. "கடாரம் வரையில் போய் வந்துவிட்டோம்!" என்று நம்மிடம் பெருமையுடன் காட்டினார்.

அவருடைய தாயாரும் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு நம்மை நோக்கி, "இத்தனை படத்தில் நான் ஒன்றிலாவது இருக்கிறேனா, தம்பி?" என்று கேட்டார். சுவரில் அவருடைய கணவரின் படம் மாலையுடன் தொங்கியது. வேறு படம் இல்லாததால் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது, முகம் மங்கியிருந்தது. "அது அவர் முகமே இல்லை. எனக்கும் இப்படித்தான் ஒன்று மாட்டப் போகிறான்" என்றார். நண்பர் தலை குனிந்தார்.

அயல்நாடு போவதை நாம் குறை கூறவில்லை. 1025-ம் ஆண்டிலேயே ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றது. ஆனால் அந்த மன்னனின் தலைநகர் இருந்த இடம் நண்பரின் சொந்த ஜில்லாவிலேயே அல்லவா இருக்கிறது? அங்கே அவர் தாயாரை அழைத்துப் போனதே இல்லை!

மார்கழியில் இரண்டு நாள் பிரயாணத்துக்குத் திட்டம் போட்டோம். குடும்பத்தில் யாருடைய கால் மெதுவாக நடக்குமோ, அந்தக் காலைக் கொண்டே திட்டம் போடவேண்டும். ஆகவே ஏறி இறங்க வேண்டிய ரஞ்சன்குடிக் கோட்டையை விட்டுவிட்டோம். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுப்பகலில் ஓய்வு என்று வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் பெரம்பலூர் ஜில்லா சாத்தனூர். கல்லாகிப்போன மரம் ஒன்று பதினெட்டு மீட்டருக்கும் அதிக நீளத்தில் கிடக்கிறது; வயது சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டு. 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்குத் தெரிவித்தார். அக்காலத்தில் கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்தது. கடல் தாண்டிப் போய் வந்த குழந்தைகள், தங்கள் ஊரே கடலாக இருந்ததை அன்றுதான் அறிந்தார்கள். மரத்தின் நீளம் தெரியும்படி அவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம்.

மாலையில் கரைவெட்டி ஏரி. 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்களும் இங்கே வருவதுண்டு. அவையும் குடும்ப சகிதமாக அயல்நாட்டு விடுமுறைக்கு வருகின்றன போலும்!

மறுநாள் விடியற்காலையில் கங்கைகொண்ட சோழபுரம். கோயில் கிழக்கு நோக்கியது; ஆகையால் காலை வெயிலே முகப்புக்கு அழகு. விமானம் சுமார் 180 அடி. தஞ்சையைவிடக் குட்டை என்றாலும் வளைந்து ஏறும் நளினம் இதற்கே உரியது. 1836-ல் கொள்ளிடத்து அணைக்கட்டுக்காக இக்கோயிலின் கற்களைப் பெயர்த்துச் சென்றார்கள். அத்தனைக்கும் தப்பி நின்ற கோயில், 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது.

உச்சி வெயிலில் முகத்தைப் படம் எடுத்தால் கண்கள் குழியாகிவிடும். மார்கழியில் வடக்குச் சுவரின் பக்கம் நிழலும் மென்மையான வெளிச்சமும் உண்டு. அங்கே அம்மையாரை உட்கார வைத்து, காமிராவை அவர் கண்மட்டத்துக்குத் தாழ்த்தச் சொன்னோம். "சிரியுங்கள்" என்று சொல்லவில்லை; அவருடைய கலியாணத்தைப் பற்றிக் கேட்டோம். பேசப்பேச முகம் மலர்ந்தது. நண்பர் படம் எடுத்தார்.

வடக்கு வாசல் அருகே, கைகூப்பி அமர்ந்திருக்கும் சண்டேசரின் தலையில் சிவபெருமான் தம் கையாலேயே மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. அம்மையார் அதை வெகுநேரம் பார்த்தார். "மாலை போடுவதென்றால் இப்படி, உட்கார்ந்திருக்கும்போதே போடவேண்டும்" என்றார். நண்பர் ஒன்றும் பேசாமல் வெளியே போய், ஒரு முழம் பூ வாங்கி வந்து தாயாரிடம் கொடுத்தார்.

அந்தப் படத்தைக் கைப்பேசியிலேயே புதைத்துவிடாமல், காகிதத்தில் அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள், மாலை இல்லாமல். சென்ற வாரம் போயிருந்தோம். அம்மையார் அதைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த மார்கழிக்கு எங்கே, தம்பி?" என்று கேட்டார்.