பரணில் கிடக்கும் பழைய கிட்டார்: எந்த ஊர்ச் சரக்கு, எந்த வருஷத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கங்கைகொண்டானில் எங்கள் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். கோயில் கொடை, கல்யாண வீடு, கிறிஸ்துமஸ் கச்சேரி என்று சுற்றுவட்டாரத்தில் அந்தக் கிட்டார் ஏறாத மேடை கிடையாது. அவர் போனபிறகு யாரும் தொடவில்லை.

வெள்ளையடிப்பதற்காகப் பெட்டியைக் கீழே இறக்கியபோது ஆரம்பித்தது பிரச்சினை. பழைய சாமான் வாங்க வந்த வியாபாரி ஒருவர், "இது டூப்ளிகேட். நாலாயிரம் தாரேன்" என்றார். பேரன் கிட்டாரில் இருந்த ஆறு இலக்க எண்ணைப் போனில் தேடிவிட்டு, "ஆச்சி, இது 1966 அமெரிக்கா கிட்டார். லட்சக்கணக்குல போகும்" என்று குதித்தான். பெரியம்மா கேட்டது வேறு: "துட்டு கிடக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னாலயே, 65-ல, தூத்துக்குடி கப்பல்காரங்ககிட்ட வாங்குனதுன்னு பெரியப்பா சொல்லுவாவ. அது நெசமான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

நாலாயிரம், லட்சம், 1965. மூன்றில் எது சரி? இதுபோன்ற ஒரு கிட்டார் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதன் பிறந்த ஊரையும் வயதையும் எப்படிப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

செமி-ஹாலோ என்றால் என்ன?

உள்ளே முழுக்க வெற்றிடமாக இருக்கும் கிட்டாரை ஒலிபெருக்கியில் சத்தமாக வைத்தால் ஊளையிடும். முழுக் கட்டையில் செய்த கிட்டாரில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வெற்றிடம் தருகிற அந்தக் குழைவு கிடைக்காது. இரண்டுக்கும் நடுவழியாக அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1958-ல் இ.எஸ்.335 என்ற கிட்டாரைக் கொண்டுவந்தது. மெலிந்த உடம்பு, மேல்பலகையில் 'எஃப்' எழுத்து வடிவில் இரண்டு துளைகள், நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு மரக்கட்டை, அதன் இரண்டு பக்கமும் வெற்றிடம். இதுதான் செமி-ஹாலோ. எஃப் துளை வழியாகச் சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தால் நடுக்கட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கட்டை இல்லாமல் அதே தோற்றத்தில் வந்த கிட்டார்களும் உண்டு.

இதிலேயே முதல் முடிச்சு அவிழ்கிறது. இந்த உருவத்தில் உள்ள கிட்டாரை 1958-க்கு முன்னால் வாங்கியதாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஒரு விஷயம்: உள்ளே பிளைவுட் தெரிந்தால் 'மட்டமான சரக்கு' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அசல் இ.எஸ்.335-ம் ஒட்டுப்பலகையில் செய்ததுதான்.

ஜப்பான் எங்கிருந்து வந்தது?

1960களில் உலகமெங்கும் கிட்டார் மோகம் பரவியபோது, ஜப்பான் தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்காக இறங்கின. டெய்ஸ்கோ, குயாடோன் போன்றவை முதல் அலை. டெய்ஸ்கோவை 1967-ல் கவாய் நிறுவனம் வாங்கியது. நாகானோ மாகாணத்தின் மாட்சுமோட்டோ நகரத்தில் இரண்டு முக்கியமான ஆலைகள் இருந்தன. ஒன்று, 1960-ல் தொடங்கிய ஃபுஜிஜென். இன்னொன்று மாட்சுமோகு; சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த கம்பெனி. 1987-ல் மூடும்வரை பல பெயர்களில் கிட்டார் செய்து கொடுத்தது. யமஹா, ஹமமாட்சு நகரத்தில் தன் சொந்தப் பெயரில் எஸ்.ஏ. வரிசை செமி-ஹாலோக்களைச் செய்தது.

இங்கே கவனிக்க வேண்டியது: தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயர் வேறு, செய்த ஆலை வேறு. ஐபனெஸ், கிரெகோ, ஏரியா, எபிஃபோன் எல்லாம் பிராண்டுகள். ஒரே ஆலை பல பிராண்டுகளுக்குச் செய்திருக்கிறது. அதனால் பெயரைப் படித்ததோடு வேலை முடிவதில்லை.

லேபிள் சொல்வதெல்லாம் உண்மையா?

எஃப் துளை வழியாகப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு காகித லேபிள் தெரியும். எங்கள் கிட்டாரில் நீல லேபிள். 'எபிஃபோன்', 'கலமசூ, மிச்சிகன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பேரன் அமெரிக்கா என்று துள்ளியது இதைப் பார்த்துத்தான். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த 'மேட் இன் ஜப்பான்' அவன் கண்ணில் படவில்லை.

எபிஃபோன், கிப்சனின் துணை பிராண்ட். 1960களில் அமெரிக்காவின் கலமசூ ஆலையில்தான் செய்தார்கள். 1970-ல் உற்பத்தியை ஜப்பானுக்கு மாற்றினார்கள். மாட்சுமோகு செய்து கொடுத்தது. லேபிளில் கம்பெனியின் அமெரிக்க முகவரி அப்படியே இருந்தது. நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பேர் கங்கைகொண்டான், ஓடுவது சிற்றாறு. பேரை வைத்து ஆற்றை முடிவு செய்யக் கூடாது அல்லவா?

அப்படியானால் அந்த 1966? அது எண் செய்த குழப்பம். கிப்சனின் 1960களின் எண்களும் ஜப்பான் எபிஃபோனின் எண்களும் பார்க்க ஒன்றுபோல ஆறு இலக்கத்தில் இருக்கும். ஜப்பான் எண்ணை அமெரிக்கப் பட்டியலில் தேடினால் ஏதோ ஒரு வருஷம் வரத்தான் செய்யும். அடுத்த வீட்டு ரேஷன் கார்டு எண்ணில் நம் பெயரைத் தேடுவதுபோல. முதலில் நாடு, அடுத்து ஆலை, அதன்பிறகுதான் எண். வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

எண்ணில் எப்போது ஆண்டு இருக்கும்?

1970களின் முற்பகுதி ஜப்பான் கிட்டார்களில் பலவற்றுக்கு எண்ணே கிடையாது. இருந்தாலும் அதிலிருந்து ஆண்டு கிடைக்காது. 1975 கடைசியிலிருந்து ஐபனெஸ் ஒரு நல்ல முறையைக் கொண்டுவந்தது: ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் ஆறு இலக்கம். 'ஏ' என்றால் ஜனவரி, 'எல்' என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. 'சி' எழுத்தும் 78-ம் வந்தால் 1978 மார்ச். ஏரியா போன்ற மாட்சுமோகு கிட்டார்கள் பலவற்றில் எண்ணின் முதல் இரண்டு இலக்கமே ஆண்டைக் காட்டும்.

உடம்பில் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

லேபிள் கிழிந்திருக்கும், ஸ்டிக்கர் உரிந்திருக்கும். அப்போது கிட்டாரையே சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

முதலில் நெக். உடம்போடு ஒட்டியிருக்கிறதா, நாலு திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறதா? அசல் இ.எஸ்.335-ல் ஒட்டுதான். 1970களின் முற்பகுதியில் வந்த ஜப்பான் நகல்கள் பலவற்றில் நாலு திருகாணியும் ஓர் இரும்புத் தகடும் இருக்கும். எங்கள் கிட்டாரிலும் அதுதான்.

அடுத்து அளவு. அமெரிக்கா அங்குலக் கணக்கு. ஜப்பான் மில்லிமீட்டர் கணக்கு. வால்யூம் குமிழைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்டை வெர்னியரில் அளந்து பாருங்கள். அமெரிக்கத் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. ஜப்பான் தண்டு 6 மி.மீ. பிரிட்ஜ் திருகாணிகளிலும் இதே வித்தியாசம் உண்டு. ஸ்டிக்கரை உரித்துவிடலாம், திருகாணியின் மரையை மாற்றுவது லேசில்லை.

பிறகு தலைப்பகுதி. கிப்சனின் தலைப்பகுதி திறந்த புத்தகத்தின் மேல்விளிம்புபோல வளைந்திருக்கும். ஜப்பான் நகல்களும் அதையே எடுத்துக்கொண்டன. 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்கர் மீது பிலடெல்பியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அடுத்த வருஷம் சமரசமானது. ஐபனெஸ் அந்த வடிவத்தைக் கைவிட்டது. ஆனால் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கிரெகோ போன்ற பிராண்டுகளில் அந்தத் தலை 1980களிலும் தொடர்ந்தது. இன்று பழைய ஜப்பான் கிட்டார் எதைக் கண்டாலும் 'லாசூட் கிட்டார்' என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். வழக்கு நடந்தது ஒரே ஒரு நிறுவனத்தோடுதான்.

கடைசியாக உள் சாமான். பிக்கப்பின் அடியிலும் பாட்டின் முதுகிலும் எண் முத்திரை இருக்கலாம். ஐபனெஸ், கிரெகோவில் வரும் மேக்சன் பிக்கப்கள் பலவற்றில் தேதிக் குறியீடு உண்டு. ஆனால் ஒன்று: சாமானின் தேதி, கிட்டார் 'இதற்கு முன்னால் செய்ததல்ல' என்று மட்டும்தான் சொல்லும். சாமான் ஸ்டாக்கில் கிடந்திருக்கலாம். பின்னாளில் மாற்றியும் இருக்கலாம். புதிதாக சால்டர் வைத்த தடம் இருந்தால் உஷார்.

பெட்டியையும் பாருங்கள்

கிட்டார் வந்த பெட்டி, கடை ஸ்டிக்கர், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். அன்றைக்கு வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. கப்பல் வேலைக்குப் போனவர்கள், சிங்கப்பூர், வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் மூலமாகத்தான் பல கருவிகள் நம் பக்கம் வந்தன. அதனால் உள்ளூர்த் தடயம் ரொம்ப முக்கியம்.

முகவரியில் 'மெட்ராஸ்-2' என்று மட்டும் இருந்தால் பழசு. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. அன்றுதான் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. 'சென்னை' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்குப் பிறகு. ரசீதில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று அச்சிட்டிருந்தால் 1986-க்குப் பிறகு. 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. இவையும் கிட்டாரின் வயதைச் சொல்லாது. அது எப்போது யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லும்.

இன்னொரு எச்சரிக்கை: 'கிவ்சன்' என்று எழுதியிருந்தால் அது கிப்சனும் இல்லை, ஜப்பானும் இல்லை. கொல்கத்தாவில் செய்யும் நம் நாட்டு பிராண்ட். ஓரெழுத்து விட்டுவிட்டால் ஒரு கண்டமே மாறிவிடும்.

செய்யக் கூடாதவை

உப்புத்தாள் போடாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். அசல் பூச்சு போனால் மதிப்பும் போகும். கழற்றிய திருகாணிகூடப் பத்திரமாக இருக்கட்டும். புதுக் கம்பி போட்டு உடனே முழு இழுப்புக்கு முடுக்காதீர்கள். நம் வெயிலில் காய்ந்த பசை விட்டுப்போகும். கூடவே பழைய ஆம்ப்ளிஃபையர் இருந்தால், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை பிளக்கில் சொருகாதீர்கள். கம்பியைத் தொட்ட கையில் ஷாக் அடிக்கும்.

பெரியப்பா சொன்னது?

நீல லேபிள், ஜப்பான் முத்திரை, நாலு திருகாணி, 6 மி.மீ. தண்டு. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1970களின் முற்பகுதி. 1970-க்கு முன்னால் அந்த லேபிளோடு ஜப்பானில் எபிஃபோன் செய்யவே இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த மெட்ராஸ் கடை ஸ்டிக்கரில் பின்கோடு இருந்தது. ஆக, வியாபாரி சொன்ன டூப்ளிகேட்டும் இல்லை, பேரன் சொன்ன அமெரிக்காவும் இல்லை. பெரியப்பா சொன்ன 1965-ம் இல்லை.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டார். "எங்களுக்குக் கல்யாணம் 73-ல. புதுசுலயே எஞ்சங்கிலிய அடகு வச்சிட்டு மெட்ராஸ் போய்ட்டு வந்தாவ. எதுக்குன்னு கேட்டதுக்கு ஆபீஸ் வேலைன்னாவ. திருப்பிக் குடுக்க மூணு வருஷமாச்சு."

சங்கிலிக்கும் கிட்டாருக்கும் சம்பந்தம் உண்டா என்று லேபிளோ திருகாணியோ சொல்லாது. பெரியம்மாவுக்குச் சந்தேகம் இல்லை. வியாபாரி மறுபடி வந்தபோது, "அது என் சங்கிலி. விக்கதுக்கில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேரன் இப்போது திருநெல்வேலியில் கிட்டார் வகுப்புக்குப் போகிறான்.