சேதுக்கரையில் ஒரு கல்விப் பயணம்

இராமேசுவரத்திற்குச் சுற்றுலா செல்பவர்களில் பெரும்பாலோர் கோயிலையும் பாம்பன் பாலத்தையும் பார்த்துவிட்டு, ஒரு சங்கும் சோழிமாலையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இம்முறை நாம் ஒரு கேள்வியுடன் புறப்படுவோம். கடலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்? இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை உள்ள கரையில் வாழ்ந்த மக்கள் இக்கேள்விக்குப் பல காலங்களில் பல விடைகள் சொல்லியிருக்கிறார்கள். சில சரியான விடைகள்; சில தவறானவை. இரண்டையும் வழிநெடுகக் கண்ணால் காணலாம்.

சங்கும் ஓர் அளவுகோலும்

இராமநாதபுரத்திற்குக் கிழக்கே, வைகை கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் அழகன்குளம் என்ற சிற்றூர் உள்ளது. 1986ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே பலமுறை அகழாய்வு செய்தது. ரோமானியப் பானை ஓடுகளும் காசுகளும் கிடைத்தன. அவற்றோடு சங்கு வளையல்களும் கிடைத்தன. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையில் சங்கு அறுத்து வளையல் செய்தார்கள் என்பது இதனால் விளங்குகிறது.

இத்தனை நூற்றாண்டுகள் எடுத்தும் சங்கு இனம் அற்றுப்போகவில்லையே, ஏன்? காரணங்கள் பல; அவற்றுள் ஒன்றை மட்டும் பார்ப்போம். குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறைவான சங்கை மீண்டும் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சங்கு குளிப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் விதி. சிறிய சங்கு வளர்ந்து முட்டையிட்ட பிறகே பிடிபட வேண்டும் என்பது இதன் கருத்து. ஓர் அளவுகோல் ஓர் இனத்தையே காக்கக்கூடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

மறைந்துபோன இரு தீவுகள்

அடுத்து மண்டபம். இங்கிருந்து தெற்கே பார்த்தால் நீலக் கடலில் பச்சைக் கோடுகளாகச் சில தீவுகள் தெரியும். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் இவ்வாறு 21 தீவுகள் இருந்தன. இவற்றைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன; 117 வகைக் கடினப் பவளங்கள் இங்கே கணக்கிடப்பட்டுள்ளன. 1986இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பவளம் என்பது கல்லன்று. நுண்ணிய உயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு. அவை கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தம் கூட்டைக் கட்டுகின்றன. உருண்டை வடிவப் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஆனால் மனிதர்கள் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அதைப் படகு படகாக வெட்டியெடுத்தார்கள்.

விளைவு என்ன? அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப இருக்கும் என்று இயற்பியலில் படிப்பீர்கள். திட்டின் மேல் மோதி அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். திட்டு போய்விட்டால் முழு ஆற்றலும் தீவின் மணலைத் தாக்கும். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பவளம் தோண்டியது இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவும் வேகமாகத் தேய்ந்துவந்தது. அதன் கடற்புறத்தில் செயற்கைத் திட்டுகளை இறக்கிய பின் அரிப்பு குறைந்தது.

2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. ஒரு துண்டு பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆயினும் கடல் வெப்பம் அதிகரிப்பதால் 2010, 2016 போன்ற ஆண்டுகளில் இங்குள்ள பவளங்கள் வெளுத்துப் பலவும் மடிந்தன. இந்த ஆபத்து உள்ளூர்ச் சட்டத்தால் மட்டும் தீராது.

பாலமும் பாசிப் பெண்களும்

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் அருகே, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1931இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சிறுவனாக இந்தக் கடல்காலைக் கடந்துதான் இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளிக்குப் படிக்க வந்தார்.

பாம்பன் தீவில் சின்னப்பாலம் என்ற மீனவர் குடியிருப்பு உள்ளது. இங்குள்ள பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். இதிலிருந்து அகர்-அகர் எடுக்கப்படுகிறது. ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவை வளர்க்கப் பயன்படும் கூழ் இதுவே.

தம் பாட்டிமார் காலம் முதல் பாசி எடுத்த தீவுகள் தேசியப் பூங்கா ஆனபோது இப்பெண்களின் பிழைப்புக்கு இடையூறு வந்தது. பாதுகாப்பு என்பது யாரோ ஒருவருடைய அடுப்பையும் தொடுகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. பின்னர் அவர்கள் தாமாகவே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாட்கள் கடலுக்குள் இறங்காமலிருப்பது என்பன அவற்றுள் சில. இவர்களுடைய தலைவிக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது.

சுவரில் எழுதிய வரலாறு

இனி தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் இவ்வூரை அழித்தது. பயணிகள் ரயிலொன்றையும் கடல் கொண்டுசென்றது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். அதோடு பெருங்காற்று ஆழமற்ற கடலின் நீரைக் கரைநோக்கித் தள்ளும்போது நீர் சுவர்போல எழுகிறது.

இன்று எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரை அருகில் சென்று பாருங்கள். கற்களில் நட்சத்திரம் போன்ற நுண்ணிய குழிகள் தெரியும். அவை பவளக் கற்கள்! 30 சென்டிமீட்டர் கனமுள்ள ஓர் உருண்டைப் பவளம் வளர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகியிருக்கும். கட்டியவர்கள் அருகில் கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள்; அதன் விலை அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும்.

ஆண்கடலும் பெண்கடலும்

அரிச்சல்முனையில் நின்றால் இருபுறமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடாவை மீனவர்கள் ஆண்கடல் என்பார்கள்; வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் ஆர்ப்பரிக்க, வடகடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று வந்தால் வடகடலும் சீறும். எந்தப் பருவத்தில் எந்தக் கரையில் படகு இறக்கலாம் என்ற அறிவு இப்பெயர்களில் பொதிந்திருக்கிறது அல்லவா?

வடகடல் ஆழமற்றது. ஆகையால் சூரிய ஒளி அடிவரை சென்று கடற்புல் செழிக்கிறது. அப்புல்லை மேய்வது ஆவுளியா எனப்படும் கடல்பசு. இது மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றுதான் ஈனும். நுரையீரலால் சுவாசிப்பதால் வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். முன்பு இறைச்சிக்காக இதை வேட்டையாடினார்கள். இப்போது வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசளிக்கிறது. 2022இல் புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பயணக் குறிப்பேடு

நீங்கள் இவ்வழியே செல்லும்போது ஒரு குறிப்பேடும் அளவுகோலும் எடுத்துச் செல்லுங்கள். தேவாலயச் சுவரில் ஒரு பவளக் கல்லின் கனத்தை அளந்து அதன் வயதைக் கணக்கிடுங்கள்; பெயர்க்க வேண்டாம். ஒரே நாளில் இரு கடல்களின் அலைகளையும் ஐந்து நிமிடம் எண்ணி ஒப்பிடுங்கள். வயதான மீனவர் ஒருவரிடம் காற்றுகளின் பெயர்களையும், அவர் சிறுவயதில் கண்டு இன்று காணாத மீன்களின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். பவளமும் அதனாலான பொருள்களும் கடையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஊர் திரும்பியதும் உங்கள் குறிப்புகளை வகுப்பில் படித்துக்காட்டி, நாம் புறப்பட்டபோது கேட்ட கேள்வியை உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் ஆற்றுமணலுக்கும் பொருத்திப் பாருங்கள்.