யார் எண்ணிச் சொன்னது?

இராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோவில் ஆற்றங்கரையில் நம் சங்க அங்கத்தினர் சிலரோடு அமர்ந்திருந்தோம். காசநோயாளியை வீட்டில் வைத்தல் ஆகாது என்று நெசவாளர் ஒருவர் சாதித்தார். "எங்கே கண்டீர்?" என வினவினோம். "ஊரே சொல்கிறதே!" என்றார். மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டிக்காரர் அவர்!

இவ்வினாவுக்கு விடை காணவே 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் தோன்றியது. 193 ஏழை நோயாளிகளை, எவருடைய விருப்பு வெறுப்பும் புகாவண்ணம் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, வீட்டிலும் சானட்டோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு அளித்தனர். பலன் ஏறத்தாழ ஒன்றே. வீட்டில் உடனிருந்தோர்க்கும் அதனால் நோய் மிகவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 1959-ஆம் ஆண்டு ஏட்டில் இவ்வறிக்கையை இன்றும் விலையின்றிப் படிக்கலாம். எத்தனை பேர், எப்படிப் பிரித்தனர், எவ்வளவு காலம் கவனித்தனர் என்பதெல்லாம் அதில் உண்டு. ஊர்ப்பேச்சில் இவை இரா. ஏடு ஆங்கிலத்தில் உள்ளமையால், அதன் சாரத்தைச் சங்கப் பலகையில் எழுதி வைக்க அங்கேயே தீர்மானித்தோம்.